கூடுதல் பச்சை

பிரசவ மருத்துவமனையின் மூன்றாம் மாடியில் தரவு அறை. தரவைப் பல பக்கமாக அடுக்கும் 'க்யூப்' கட்ட ஜெசிந்தா அங்கே கற்றுக்கொடுத்தாள். கற்றுக்கொண்ட பெருமாள்சாமி அவளைவிட இருபது வயது மூத்தவர்.

"மேடம், டேஷ்போர்டு முடிஞ்சிட்டு."

பச்சிளம் குழந்தைகள் வார்டுக்கான டேஷ்போர்டு அது. வார்டு, மணி, கட்டில் என்று மூன்று பக்கமாகத் தரவை அடுக்கிய க்யூபிலிருந்து திரைக்கு ஒரே ஒரு வட்டம் வந்திருந்தது. குழந்தைகளின் உடல் சூடு. பச்சை.

"சாயங்காலத்துல இருந்து நர்ஸ்மார் சுத்தி வர வேண்டாமாம். ஒருத்தி திரை முன்னால உக்காந்தாப் போதும்னு நிர்வாகி சொல்லிட்டாரு."

"பிறகு ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?"

"எல்லாம் பச்சைதான். எனக்கு ஏன் கை நடுங்குது?"

ஜெசிந்தா அதே வட்டம் தெரிந்த டேப்லெட் திரையை எடுத்து அவரிடம் கொடுத்தாள். "கீழ வாங்க, அண்ணாச்சி."

வார்டில் குழந்தைகள் தூங்கின. மூலையில் ஆளில்லாத கட்டில் ஒன்று, சோதனைக்காக இணைத்தது. அதன் சென்சாரை எடுத்து ஐஸ் பைமேல் வைத்தாள்.

காத்திருந்தார்கள். வட்டம் கொஞ்சம் வெளிறியது. பச்சைதான்.

"ஒரு பிள்ளை விறைச்சுப் போச்சுன்னு வைங்க. உங்க திரை என்ன சொல்லுது?"

"அது சராசரிலா, மேடம். மத்த பிள்ளைங்க சூடு தூக்கிக் கொடுத்திருது. தட்டினா கட்டில் கட்டிலா விரியும்." தட்டினார். ஒரு கட்டில் சிவப்பு. அவருக்கு மூச்சு வந்தது. "பாத்தீங்களா."

"பச்சையைப் பாத்துக்கிட்டு இருக்கவ எதுக்குத் தட்டுவா?"

ஜெசிந்தா சென்சாரின் வயரைப் பிடுங்கினாள்.

சிவப்புக் கட்டில் திரையிலிருந்து மறைந்தது. வட்டம் முன்னைவிட அழுத்தமான பச்சையானது.

பெருமாள்சாமி டேப்லெட்டைக் கண்ணுக்கு அருகே கொண்டுபோனார்.

"ஏன் கூடிச்சு?" என்றாள்.

"தரவு வராத கட்டிலை விட்டுருன்னு க்யூப்ல சொல்லி வச்சிருக்கேன்." நிர்வாகி மாதிரியே மூக்கால் இழுத்தார். "'என்னவே இது, ஓட்டை ஓட்டையாத் தெரியுது, அடைச்சிரும்.' அடைச்சிட்டேன்."

"சரி. திரையில எத்தனை கட்டில்?"

திரையில் எண்ணினார். வார்டில் எண்ணினார். திரும்பவும் எண்ணினார். சோதனைக் கட்டிலைக் கழித்தும் திரையில் ஒன்று குறைந்தது.

அவர் ஓடினார். ஒவ்வொரு கட்டிலாகத் துணியை விலக்கிப் பார்த்தார். ஜன்னலோரக் கட்டிலில், துணிக்கு அடியில் வயர் கழன்று கிடந்தது. பிள்ளையின் உள்ளங்காலைத் தொட்டார். அந்தக் குளிரில் கை தானாகப் பின்வாங்கியது.

"சிஸ்டர்."

மறுபடி கூப்பிட்டார்.

நர்ஸ் பிள்ளையை வாரி எடுத்துச் சூட்டு விளக்கின் அடியில் கிடத்தினாள். டாக்டர் வந்தார். பெருமாள்சாமி அந்தச் சின்ன வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

வெகு நேரம் கழித்துப் பிள்ளை சிணுங்கியது. பிறகு வீரிட்டு அழுதது.

அவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்தார். ஜெசிந்தாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"வயர் கழண்ட கட்டிலுக்கு என்ன நிறம் போடட்டும், மேடம்?"

"நிறம் கிடக்கட்டும். முதல்ல அதுக்குத் திரையில ஒரு இடம் கொடுங்க."

அவர் விரல்களை விரித்துப் பார்த்தார்.

"கை இன்னும் நடுங்குது."

"நடுக்கம் நிக்கதுக்குள்ள நிர்வாகி ரூமுக்குப் போங்க, அண்ணாச்சி."