ஆள்காட்டி வைத்த இறகுகள்

எல்லா உயிர்களும் பேசித் திரிந்த அந்தக் காலத்தில், ‘இது என்னுடையது’ என்று வெறும் வாயால் சொன்னால் யாரும் ஏற்க மாட்டார்கள். வாய்தான் எல்லோருக்கும் இருக்கிறதே! தன் உடம்பிலிருந்து ஒன்றை எடுத்து அங்கே வைக்க வேண்டும். பாம்பு தன் சட்டையைப் பொந்து வாசலில் போட்டது. சிலந்தி தன் நூலைக் கட்டியது. பறவைகள் இறகு வைத்தன. வைத்ததைத் திரும்ப எடுக்கக் கூடாது.

கண்மாய்க் கரையில் வசித்த பெட்டை ஆள்காட்டிக் குருவிக்கு ஓரிடத்தில் இருப்புக்கொள்ளாது. மேட்டைக் கண்டால் ஓடிப்போய் ஓர் இறகு வைக்கும். பளபளக்கும் கல்லைக் கண்டால் அதற்கும் ஒன்று. வைத்துவிட்டு வந்தாலாவது நிம்மதி உண்டா? காற்றில் போயிருக்குமோ என்று மறுபடியும் ஓடும்.

“ஏ புள்ள, கொஞ்சம் உக்காரு. முட்டைக்கு நாலு இறகு மிச்சம் வையி” என்றது அதன் ஆண்.

“நீங்க சும்மா இருங்க. நாம விட்டா கொக்கு வந்து பிடிச்சுக்கும்.”

முட்டையிடும் நாளும் வந்தது. வெறுந்தரையில் இட்டுவிட்டுத் திரும்பிப் பார்த்தால், உடம்பில் பறப்பதற்கு வேண்டிய இறகு மட்டும்தான் மிச்சம் இருந்தது.

“உங்க இறகுல ஒண்ணு குடுங்களேன்!”

“என் முதுகுல இருந்ததையும் நீதான பிடுங்கிட்டுப் போன?”

அந்த நேரம் பார்த்து உடும்பு வந்தது. முட்டைகளைச் சுற்றி வந்து மண்ணை முகர்ந்தது.

“இறகைக் காணோமே. அப்ப இது யாருக்கும் சொந்தமில்ல” என்று ஒரு முட்டையை விழுங்கியது.

பெட்டை, கண்மாயே அதிரக் கத்தியது.

“என்னுது! என்னுது! இந்தக் குரலும் என் உடம்புல இருந்து வர்றதுதான்!”

அடுத்த முட்டையை நோக்கி நீண்ட நாக்கை உடும்பு உள்ளிழுத்துக்கொண்டது.

“சரி, ஒத்துக்கிறேன். ஆனா இறகு வச்ச இடத்துல கெடக்கும். குரல் கெடக்காது. நீ வாய மூடுனதும் வருவேன்.”

அன்று முதல்தான், வெறுந்தரையில் முட்டையிடும் ஆள்காட்டி, யார் காலடி கேட்டாலும் பதறி எழுந்து கத்துகிறது. மேட்டுக்காகவோ பளபளக்கும் கல்லுக்காகவோ அது இன்றுவரை ஒருமுறைகூடக் கத்தியதில்லை.