கறிவேப்பிலைக் கட்டும் சிவப்பு வளையமும்

"எனக்கு மட்டும் ஏன் மேடம் சாவி தர மாட்டேங்கிறீங்க?"

கேட்டவர் சீஃப் வேலாயுதம். கடற்படையில் மூத்த மாலுமியை அப்படித்தான் கூப்பிடுவார்கள். போர்க்கப்பலில் பீரங்கியோடு காலம் தள்ளித் தலை நரைத்த மனிதர். இப்போது இந்தப் பயிற்சிக் கப்பலுக்கு ஏவுகணை பழக வந்திருக்கிறார். சொல்லிக் கொடுப்பவர் கமாண்டர் ரெஜினா. வயதில் அவருக்குத் தங்கை மாதிரி.

பயிற்சி முடிவதற்குள் ஏவுகணையை ஏவும் சாவி கைக்கு வராவிட்டால் சீஃபுக்குக் கரையில் கிடங்கு வேலைதான். கடலை விட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

"உக்காருங்க சீஃப். பயிற்சித் திரையில ஏவிக் காட்டுங்க."

திரையின் நடுவே கப்பல். அதைச் சுற்றி ஒரு சிவப்பு வளையம். வருகிறவன் வளையத்தைத் தொடும்வரை காத்திருக்கலாம். அதற்குப் பிறகும் காத்திருந்தால் கப்பல் இருக்காது.

ஓரத்தில் ஒரு புள்ளி முளைத்தது.

'நீ யார்?' என்று கேட்கும் பொத்தானை சீஃபின் இடதுகை அமுக்கியது. அதே மூச்சில் வலதுகை ஏவும் பொத்தானை அமுக்கியது. புள்ளி காணாமல் போனது.

பக்கத்து நாற்காலியிலிருந்து, கூடப் பழகும் இளம் மாலுமி இசக்கிராஜ் கைதட்டினான். அவனுக்கு சீஃப்தான் எல்லாம்.

"கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள மேடம்!" என்றார் சீஃப்.

"நல்ல வேகம். யாரைச் சுட்டீங்க?"

"எதிரியை."

"அது நம்ம ஹெலிகாப்டர்."

சீஃபுக்கு முகம் சுருங்கிவிட்டது. "நான்தான் கேட்டேனே! அது பதிலே சொல்லலையே!"

"பதில் சொல்ற கருவி பழுது. அப்படி வர்றவங்க என்ன செய்வாங்க?"

"இடது பக்கமா ஒரு வட்டம் போட்டுட்டு வருவாங்க. அதுதான் அடையாளம்."

"போட விட்டீங்களா?"

சீஃப் நாற்காலியோடு அவர் பக்கம் திரும்பினார். "ஆனா மேடம், அது நெசமாவே எதிரியா இருந்தா? இந்தக் கப்பல்ல எத்தனை உசுரு இருக்கு!"

நியாயமான கேள்விதான். ரெஜினா பேச்சைச் சமையல்கட்டுக்குத் திருப்பினார்.

"சமையல்கட்டுல கறிவேப்பிலை தீந்துபோச்சாம். காலையில ஹெலிகாப்டர் கரைக்குப் போகுது. போய் வாங்கிட்டு வாங்க."

சாவி கேட்டவனைச் சந்தைக்கு அனுப்புகிறார்களே என்று சீஃப் இரவெல்லாம் புலம்பினார். ஆனாலும் போனார். நல்ல இலையாகப் பார்த்து வாங்கிக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

வழியில் ஹெலிகாப்டருக்குள் கீச்சென்று ஓர் ஒலி எழுந்தது. அது என்ன ஒலி என்று சீஃபுக்குத் தெரியாதா!

"சார், யாரோ நம்மளக் குறி வச்சுட்டாங்க!"

"நம்ம கப்பல்தான்," என்றார் பைலட் அன்வர். "பதில் கருவியையும் ரேடியோவையும் அணைச்சுட்டேன். மேடம் ஆர்டர்."

"கப்பல்ல ஏவுற நாற்காலியில யாரு?"

"இசக்கிராஜ்."

"ஐயய்யோ! அவனுக்குச் சொல்லிக் குடுத்ததே நான்தானே!"

"என்ன சொல்லிக் குடுத்தீங்க?"

சீஃப் எட்டிக் கப்பலைத் தேடினார். இது பயிற்சிதான், கப்பலின் குழாயில் ஏவுகணை கிடையாது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் மடியிலிருந்த கட்டை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"வட்டம் போடுங்க சார்!"

"போட்டுக்கிட்டுத்தானே இருக்கேன்."

"இவ்வளவு மெதுவாவா?"

"இதுக்கு மேல சாய்ச்சா உங்க மடியில இருக்கிறது கொட்டிரும்."

சீஃப் கட்டைத் தூக்கிக் கண்ணாடிப் பக்கம் காட்டி ஆட்டினார். தூரத்தில் கப்பல் கடுகளவு தெரிந்தது. கறிவேப்பிலையை அங்கிருந்து யார் பார்ப்பது!

ஒலி சட்டென்று நின்றது. அன்வர் ரேடியோவைப் போட்டார்.

"சீஃப்! சுட்டுட்டேன்!" இசக்கிராஜின் குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "கண்ண மூடித் திறக்கிறதுக்குள்ள!"

"பாதி வட்டம்தான் ஆச்சு," என்றார் அன்வர். "நாம செத்துட்டோம் சீஃப்."

சீஃப் கட்டை மறுபடி மடியில் வைத்துக்கொண்டார். கப்பலில் இறங்கியதும் அதைச் சமையல்கட்டில் கொடுத்தார். அன்றைக்கு ரசம் மணமாக இருந்தது என்று எல்லோரும் சொன்னார்கள். அவருக்கு ஒரு வாய் இறங்கவில்லை.

பயிற்சியின் கடைசி நாள். திரையில் ஒரு புள்ளி முளைத்தது.

சீஃப் கேட்டார். பதில் இல்லை. ஏவுகணைக் குழாயின் மூடியைத் திறந்தார். குறி வைத்தார். விரலைப் பொத்தானுக்கு மேலே கொண்டுபோய் நிறுத்தினார். மறுபடி கேட்டார்.

புள்ளி நேராக வந்துகொண்டிருந்தது.

"பதில் வரல சீஃப், அமுக்குங்க!" என்றான் இசக்கிராஜ்.

"வளையத்துக்கு இன்னும் இடம் இருக்குடா."

"வந்துருச்சே!"

"தொட்டா நானே அமுக்குவேன்."

நெற்றி வியர்வை மூக்கில் வழிந்தது. சீஃப் துடைக்கவில்லை. விரலும் அசையவில்லை.

"எதுக்கு சீஃப் காத்திருக்கீங்க?" இசக்கிராஜுக்கு அழுகையே வந்துவிட்டது.

"சும்மா இருடா. உள்ள எவனாவது கறிவேப்பிலைக் கட்டோட உக்காந்திருப்பான்."

பின்னால் நின்றிருந்த ரெஜினா சிரித்துவிட்டார். கழுத்தில் கிடந்த சாவியைக் கழற்றி சீஃபின் மேசையில் வைத்தார்.

புள்ளி வட்டம் போட்டதா, இல்லையா என்று ரெஜினா பார்க்கவே இல்லை. சாப்பிடப் போய்விட்டார்.