ஒரு துண்டு கருப்பட்டி

“இத்தனை வருஷத்துல எனக்கு ஒரு துண்டு கருப்பட்டி தந்திருப்பீங்களா அய்யா?” என்று சண்டைக்கு நின்றாள் செல்லவடிவு.

மாசானம் வைத்தியருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

நாடி பார்க்கச் சொல்லிக்கொடுக்கிறவர் அவர். பாடத்தில் யார் ‘புரியல’ என்கிறார்களோ அவர்களுக்குத்தான் மடியிலிருந்து கருப்பட்டி எடுத்துக் கொடுப்பார். கூடவே ஒரு கும்பிடும் போடுவார். வடிவோ சொன்னதும் பிடித்துக்கொள்கிறவள். அவளுக்கு எங்கேயிருந்து கிடைக்கும் கருப்பட்டி?

இப்போது வைத்தியரின் விரல்கள் மரத்துப்போய்விட்டன. “நாளையிலருந்து நீதான் சொல்லிக்கொடுக்கணும். மாட்டேன்னா பாடத்தையே நிறுத்திருவேன்” என்று சொல்லிவிட்டார். அதில் வந்த சண்டை இது.

“மக்குகளுக்குக் கருப்பட்டி, எனக்கு வேலையா? நல்லா இருக்கு ஞாயம்! நீங்க எப்படித்தான் இந்தத் தொழிலுக்கு வந்தீங்க?”

“கருப்பட்டி தின்னுதான்.”

“விளையாடாதீங்க அய்யா.”

“நெசமாத்தான். எங்க வாத்தியார் நாடியப் பத்திச் சொன்னா எல்லாரும் தலையாட்டுவாங்க. நான் மட்டும் புரியலம்பேன். சலிக்காம திரும்பச் சொல்லுவாரு. ஒருநாள் அப்படிச் சொல்லிக்கிட்டு வந்தவரு பாதியில நிறுத்திட்டாரு. ‘ஏலே மாசானம், இது எனக்கே இன்னைக்குத்தாம்ல விளங்குது’ன்னு என்னையப் பாத்துக் கையெடுத்துக் கும்பிட்டாரு. மடியில இருந்த கருப்பட்டியத் தந்தாரு.”

வைத்தியருக்குக் கண் கலங்கிவிட்டது.

“மக்கைக் கும்பிட்ட மனுசன்! வீடு வரைக்கும் அழுதுக்கிட்டே போனேன். செஞ்சா இந்த வேலைதான் செய்யணும்னு அன்னைக்கே முடிவு பண்ணிட்டேன், தாயி.”

வடிவின் கோபம் இறங்கிப்போனது. பயம்தான் மிச்சம்.

“நான் ஒருநாளும் புரியலன்னு சொன்னதில்லையே அய்யா. புரியாதவங்களுக்கு என்னத்தச் சொல்லிக்கொடுப்பேன்?”

வைத்தியர் தன் கையை நீட்டினார்.

வடிவு விரல்களை வைத்துக் கண்ணை மூடினாள். நாடி ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. அவள் படித்த எதிலும் அது அடங்கவில்லை. விரலை மாற்றி வைத்துப் பார்த்தாள். வாய்க்கு வந்த ஒன்றைச் சொல்லிவிடலாம்தான். நாக்கு நுனிவரை வந்தும்விட்டது.

“அய்யா... எனக்குப் பிடிபடல.”

மாசானம் வைத்தியர் அவளைக் கையெடுத்துக் கும்பிட்டார். மடியிலிருந்து ஒரு துண்டு எடுத்து அவள் கையில் வைத்தார்.

பிறகு முந்தானையை ஏந்தச் சொல்லி, மிச்சம் இருந்ததையெல்லாம் அதில் கொட்டினார்.