ஓடுகிற ஓணான் பாதியில் ஏன் தண்டால் எடுக்கிறது?

விலங்கும் பறவையும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்த அந்தக் காலத்தில், ஓணானுக்கு ஓடிப் பழக்கமே இல்லை. வேலியில் உட்கார்ந்த இடத்துக்கே எறும்பு வந்தது. பிறகு எதற்கு ஓட வேண்டும்?

செவத்தி என்ற ஓணானுக்கு வயிறு நிறைய முட்டை. வேலியடியில் மண் கல்லாக இறுகிக் கிடந்தது. முட்டையிட ஏற்ற ஈரமண் வண்டித்தடத்துக்கு அந்தப் பக்கம்தான். நடுவில் வெட்டவெளி. அங்கே செண்பகப் பறவை சிவப்புக் கண்ணை உருட்டிக்கொண்டு உலாத்தும். ஓணான் கறி என்றால் அதற்கு உயிர்.

அந்த வெளியைத் தாண்ட எப்படியாவது உடம்பைத் தேற்றிக்கொள்ள வேண்டும் என்று செவத்தி எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் வழி கேட்டாள்.

"மூச்சு முட்ட ஓடு, வேறென்ன!" என்றது முயல்.

"ஓடுனா நெஞ்சு வெடிச்சுப்போகும்டி. மெல்ல நட," என்றது ஆமை.

"ரெண்டும் தப்பு. குதி," என்றது தவளை.

"பேசாமப் படு தாயி. ஓய்வு எடுத்தா எல்லாம் சரியாயிடும்," என்றது எருமை.

ஆளுக்கு ஒன்று சொன்னால் பாவம், அவள் என்ன செய்வாள்? எல்லாரும் பெரியவர்கள். யார் சொல்லைத் தட்டுவது? அதனால் எல்லாவற்றையும் ஒரே காலையில் செய்துவிட்டாள். ஓடினாள், நடந்தாள், குதித்தாள், படுத்தாள், மறுபடி ஓடினாள். மறுநாள் வால்கூட அசையவில்லை.

"நான் சொன்னதை மட்டும் செஞ்சிருந்தா இப்படி ஆகுமா?" என்று நால்வரும் வந்து தனித்தனியாகக் கேட்டுவிட்டுப் போனார்கள்.

கல்மேல் கிடந்த செவத்திக்குப் பயம், செண்பகம் எங்கே நிற்கிறதோ என்று. பார்ப்பதற்காக முன்னங்காலை ஊன்றி மார்பைக் கொஞ்சம் தூக்கினாள். வலித்தது, இறக்கினாள். மறுநாள் இன்னும் சற்று உயர முடிந்தது. தினமும் வெயில் ஏறியதும் எழும்புவாள், களைத்தால் இறங்கிக் கிடப்பாள். இதற்குப் பெயர் ஓட்டமா, நடையா, ஓய்வா என்று அவளுக்குப் புரியவே இல்லை. காலில் வலு ஏறியதும் தெரியவில்லை.

ஒருநாள் வானம் கறுத்தது. இனித் தாமதித்தால் மழையில் தடம் முழுகிவிடும், முட்டைகள் வீண். செவத்தி தடத்தில் இறங்கி ஓடினாள். என்ன வேகம்! அவளுக்கே நம்ப முடியவில்லை. பாதி வழியில் செண்பகம் குறுக்கே வந்தது. ஓடு, நட, குதி, படு என்று நாலு குரலும் தலைக்குள் ஒன்றாகக் கத்தின. எதைக் கேட்பது? நின்றுவிட்டாள். பழகிய உடம்பு மட்டும் தன் வேலையைச் செய்தது. எழும்பினாள், இறங்கினாள், எழும்பினாள்.

செண்பகம் திறந்த வாய் மூடாமல் நின்றது. "ஓடுனா விரட்டலாம், விழுந்தா கொத்தலாம். இது என்ன பண்ணுது?" தலையை இப்படிச் சாய்த்தது, அப்படிச் சாய்த்தது. அது யோசித்து முடிப்பதற்குள் செவத்தி மறுபடி ஓடி ஈரமண்ணுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். முட்டைகளை மூடியபோது அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

அந்த முட்டைகளிலிருந்து வந்த குஞ்சுகளில் தொடங்கித்தான், ஓணான் கொஞ்சம் ஓடும், நிற்கும், தண்டால் எடுக்கும், மறுபடி ஓடும். செண்பகமோ இன்றைக்கும் வேலியோரம் நடந்து நடந்து, தலையைச் சாய்த்து யோசித்துக்கொண்டே இருக்கிறது.