பட்டுவின் வெள்ளை அணுக்கள்

அருளப்பனுக்கு மாட்டு வைத்தியத்தில் இருபது வருஷ அனுபவம். நாய் வைத்தியம் புதுசு. அதனால் தன்னைவிட வயதில் இளையவரான டாக்டர் நசீமாவிடம் பாடம் கேட்க வந்திருந்தார். அதில் அவருக்கு வெட்கம் ஒன்றும் இல்லை. அவசரம்தான் கொஞ்சம் அதிகம்.

"மேடம், பட்டு பொழச்சிட்டா!" என்று ரத்தப் பரிசோதனை முடிவோடு ஓடி வந்தார்.

பட்டு, கர்ப்பப்பையில் சீழ் கட்டி முந்தாநாள் ஆபரேஷன் ஆன நாய். நேற்று வரை, கிருமியோடு சண்டை போடும் வெள்ளை அணுக்கள் எக்கச்சக்கம். இன்று சரியான அளவுக்கு இறங்கியிருந்தன.

"சிஆர்பி?" என்றார் நசீமா. உடம்புக்குள் அழற்சி இருந்தால் ரத்தத்தில் ஏறுகிற புரதம் அது.

"அது மட்டும் இறங்க மாட்டேங்குது. மெஷினுக்கு என்ன கேடோ, விடுங்க. சாயங்காலம் கூட்டிட்டுப் போகலாம்னு சற்குணம் அம்மாகிட்ட சொல்லிட்டேன். பாவம், பெத்த பிள்ளை மாதிரி வளத்தவங்க, சந்தோஷத்துல அழுதுட்டாங்க."

நசீமா எழுந்து வார்டுக்குப் போனார். அருளப்பன் பின்னாலேயே போனார்.

வார்டில் சத்தமே இல்லை. அருளப்பன் தலையைக் கண்டாலே குரைத்து ஊரைக் கூட்டும் நாய்கள், கூண்டின் பின்பக்கம் ஒட்டி நின்று பட்டுவையே பார்த்தன. பட்டு மூலையைப் பார்த்து மெதுவாக வாலாட்டிக்கொண்டிருந்தது. அந்த மூலையில் யாரும் இல்லை.

நசீமா ஊசி குத்தி ரத்தம் எடுத்தார். பட்டு திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நேத்து கடிக்க வந்தா. இன்னிக்கு எவ்வளவு சாது பாருங்க" என்றார் அருளப்பன்.

ஒரு சொட்டைக் கண்ணாடியில் தடவி, சாயம் ஏற்றி, மைக்ரோஸ்கோப்பில் வைத்தார் நசீமா.

"மெஷின் தலையை மட்டும் எண்ணிடுச்சு. நீங்க முகத்தைப் பாருங்க சார்."

அருளப்பன் குனிந்தார். வெகுநேரம் நிமிரவில்லை.

"எல்லாம் முத்தாத அணுவா இருக்கே மேடம். எலும்பு மஜ்ஜையை விட்டு வெளியவே வந்திருக்கக் கூடாத பிஞ்சுங்க."

"முத்தினது?"

"தேட வேண்டியிருக்கு."

"வயித்துக்குள்ள இன்னும் எங்கேயோ சீழ் இருக்கு. பெரியவங்க எல்லாரும் அங்க போனாங்க. யாரும் திரும்பல."

அருளப்பன் சட்டென்று நிமிர்ந்தார். "ஐயோ, வீட்டுக்கு அனுப்பப் பாத்தேனே! இந்தப் பிள்ளைங்களும் தீந்துட்டா? அப்புறம் அவ யாரை அனுப்புவா?"

நசீமா ஆபரேஷன் அறை விளக்கைப் போட்டார்.

"நம்மளை. கை கழுவிட்டு வாங்க."