தணிகாசலத்தின் முப்பத்தெட்டாவது செக்

"முப்பத்தேழு செக் எழுதியிருக்கேன், மேடம். பொற்கொடி எழுதினது ஒண்ணே ஒண்ணு. அது எல்லா ஊர்லயும் ஓடுது. என்னுது பல்லடத்தோட நிக்குது."

என்றார் தணிகாசலம்.

மெஹருன்னிசா அவரைவிடப் பத்து வயது இளையவள். தடுப்பூசிக் குளிர் அறைகளைக் கண்காணிக்கும் அந்த அலுவலகத்தில் எல்லோரும் அவளிடம்தான் தொழில் கற்றார்கள். ஒவ்வொரு அறையின் கணினியிலும் ஏஜென்ட் என்றொரு சின்ன நிரல் இருக்கும். அது நிமிஷத்துக்கு ஒருமுறை எதைச் சோதிக்க வேண்டும் என்று எழுதித் தருவதுதான் செக். சரியென்றால் திரையில் பச்சை, தப்பென்றால் சிவப்பு.

அவள் திரையை அவர் பக்கம் திருப்பினாள். முப்பத்தேழும் பச்சை.

எழுதிய நாளிலிருந்து ஒன்றுகூடச் சிவந்ததில்லை.

அதற்குப் பிறகு பக்கத்து மேஜைப் பொற்கொடி சிரித்தாலே அவருக்கு எரிந்தது. அவளை யாராவது டீ குடிக்கக் கூப்பிட்டாலும் எரிந்தது.

ஒரு மத்தியானம் யாருக்கும் சொல்லாமல் இன்னொரு செக் எழுதினார். அது குளிர் அறையைப் பார்க்கவில்லை. பொற்கொடியின் செக்கைப் பார்த்தது. தாமதிக்கிறதா, வாயை மூடிக்கொள்கிறதா, சொன்னதையே சொல்கிறதா என்று. சாப்பாட்டை மறந்து எழுதினார்.

பன்னிரண்டாம் நாள் அது சிவந்தது.

முதலில் அவருக்குச் சந்தோஷம்தான் வந்தது. பிறகுதான் பல்லடத்துக்கு போன் போட்டார்.

அங்கே எலி ஒயரைக் கடித்திருந்தது. குளிரூட்டியும் நின்றிருந்தது, வெப்பமானியும் நின்றிருந்தது. பொற்கொடியின் செக் கடைசியாகப் படித்த நாலு டிகிரியையே இருபது நிமிஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தது. அங்கிருந்தவர்கள் கைவெப்பமானியை வைத்துப் பார்த்தால், அறைக்குள் ஏழு தாண்டிவிட்டது. எட்டைத் தாண்டினால் மருந்து கெட்டுவிடும்.

அதற்குள் ஆட்கள் பெட்டிகளைப் பக்கத்து அறைக்கு மாற்றிவிட்டார்கள். மூவாயிரம் குழந்தைகளுக்கான மருந்து தப்பியது.

மெஹருன்னிசா தணிகாசலத்தின் புதுச் செக்கின் பெயரைச் சத்தமாகப் படித்தாள்.

"மாட்டுவா பொற்கொடி."

தணிகாசலம் தரையைப் பார்த்தார்.

"பேரு கிடக்கட்டும் சார்," என்றாள் பின்னால் நின்ற பொற்கொடி. அவள் முகம் வெளிறியிருந்தது. "எனக்கு அதை அனுப்புங்க. எல்லா ஊர்லயும் போடணும்."

அவர் நிமிராமலே அதை அவளுக்கு அனுப்பினார்.

"உங்க மத்த முப்பத்தேழும் பல்லடத்துலதானே ஓடிச்சு?" என்று கேட்டாள் மெஹருன்னிசா. "அந்த இருபது நிமிஷமும் அதுங்க என்ன சொல்லிச்சு?"

"பச்சை, மேடம்."

"இது மட்டும் எப்படிப் பிடிச்சது?"

"எங்கெல்லாம் தப்பு வரும்னு தேடித் தேடி எழுதினேன்."

"மத்ததை எழுதும்போது?"

"எல்லாம் பச்சையா வரணும்னு…"

தணிகாசலம் தன் முதல் செக்கைத் திறந்து, அது எங்கே தப்பும் என்று தேட ஆரம்பித்தார்.