மொக்கையனுக்குத் தூக்கம் வரவேண்டும்

கூழைப்பனையூரில் பனைமரங்கள் மட்டும்தான் கூழை என்று நினைத்தால், அது பனைமரத்துக்குச் செய்கிற அநியாயம். அந்த ஊர் ஆட்களின் புத்தி இன்னும் இரண்டு முழம் கம்மி. வீரணன் அந்த ஊருக்குப் பெரிய மனுஷன். ஆகையால் கம்மியிலும் அவருக்குத்தான் முதல் பங்கு.

வீரணனுக்கு ஒரு ஏக்கர் கம்பு, ஒரே மகள் அங்கம்மா. இரண்டும் கரை சேரவேண்டிய நேரம். சீலைப்பட்டிச் சடையப்பர் தன் மகனுக்கு அங்கம்மாளைக் கேட்டிருந்தார்.

"வெள்ளிக்கிழமை வாரேன். வீட்டைக் காட்ட வேண்டாம், வயலைக் காட்டுங்க போதும். வயலைக் காப்பாத்தத் தெரிஞ்சவுக பொண்ணையும் நல்லபடியாத்தான் வளத்திருப்பாக" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

கதிர் முற்றி நின்றது. வீரணனுக்குத் தெரிந்ததைவிடக் கிளிகளுக்கு அது நன்றாகத் தெரிந்திருந்தது. பரண்மேல் காவலுக்கு மொக்கையன் என்று ஓர் ஆள். கையில் தகரம், இடுப்பில் கவண், எல்லாம் உண்டு. ஆனால் பொழுது உச்சிக்கு ஏறினால் மொக்கையன் தலை நெஞ்சுக்கு இறங்கிவிடும். அவன் விடுகிற குறட்டைக்குக் கிளிகள் தாளம் தப்பாமல் கொத்தும்.

வீரணன் பெண்சாதி பேச்சியின் தம்பி மாடசாமி கப்பலில் சமையல்காரன். லீவில் வந்தவன் ஒரு பொட்டலம் காய்ந்த இலையைக் கொண்டுவந்தான்.

"மச்சான், இதுக்குப் பேரு குவாயூசா. தென்னமெரிக்கக் காட்டு மரத்து இலை. தேயிலையும் இல்ல, காப்பியும் இல்ல. ஆனா காப்பியில இருக்கிற அந்த விறுவிறுப்பு இதுலயும் இருக்கு. அந்தக் காட்டுச் சனம் இதைக் குடிச்சிட்டுத்தான் வேட்டைக்குப் போகும். கொதிக்க வச்சு வடிகட்டுங்க. தூக்கம் வந்தா ஒரு கிளாஸ் சுடச்சுடக் குடிக்கச் சொல்லுங்க. மொக்கையன் கண்ணு பொழுதன்னைக்கும் மூடாது."

சொல்லிவிட்டு அவன் பஸ் ஏறிப் போய்விட்டான். கூட ஒருநாள் இருந்திருக்கலாம்.

புதன்கிழமை காலையில் பேச்சி காய்ச்சிக் கொடுத்த தூக்குச்சட்டியோடு வீரணன் வயலுக்குப் போனார். கூடவே சித்தப்பா ஒச்சப்பன், பங்காளி கருத்தமலை. ஒச்சப்பன் ஒரு தடவை மாட்டுக்குச் சூடு போட்டு, மாடும் எப்படியோ பிழைத்துவிட்டதால், ஊருக்கே அவர்தான் வைத்தியர்.

வீரணன் கிளாஸில் ஊற்றி மொக்கையனிடம் நீட்டப்போனார். ஒச்சப்பன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"மொக்கையா, இப்பத் தூக்கம் வருதா?"

"இல்லைங்க பெரியவரே. இப்பத்தான எந்திரிச்சு வாரேன்."

"வீரணா, காய்ச்சல் இல்லாதவனுக்குக் காய்ச்சல் மருந்து குடுப்பியா?"

"மாட்டேன் சித்தப்பா."

"குடுத்தா என்ன ஆகும்?"

"காய்ச்சல் வந்துரும்."

"அப்பத் தூக்கம் இல்லாதவனுக்கு இதைக் குடுத்தா?"

வீரணனுக்கு வேர்த்துவிட்டது. "தூங்கிருவான் சித்தப்பா. நல்லவேளை, நீங்க வந்தீக."

மூன்று பேரும் பரணுக்குக் கீழே உட்கார்ந்து மொக்கையனுக்குத் தூக்கம் வருவதற்குக் காத்திருந்தார்கள். உச்சிப்பொழுதில் வந்தது. குறட்டையும் வந்தது. கருத்தமலை சந்தோஷமாகப் பரணில் ஏறி, தூங்குகிறவன் வாயில் ஊற்றினான். பாதி மூக்கில் போனது, பாதி காதில் போனது, வயிற்றுக்கு ஒன்றும் போகவில்லை.

"எழுப்பிக் குடு" என்றார் ஒச்சப்பன்.

கருத்தமலை தகரத்தை எடுத்து மொக்கையன் காதோரம் வைத்து அடித்தான். மொக்கையன் துள்ளி விழுந்தான். வயலிலிருந்து இருநூறு கிளிகள் ஒரே வீச்சில் கிளம்பி அடுத்த ஊரைப் பார்க்கப் பறந்தன. அதை ஒருவரும் கவனிக்கவில்லை. அவர்களுக்கு வேலை இருந்தது.

"இப்பத் தூக்கம் வருதா மொக்கையா?"

"காதுக்குள்ள தகரத்தை அடிச்சா எப்படிங்க வரும்?"

"அப்ப மருந்து கிடையாது. மூடி வை."

அன்றைக்கு மூன்று தடவை தூங்கினான், மூன்று தடவை எழுப்பினார்கள், மூன்று தடவையும் மருந்து திரும்பிப்போனது. ஆறினதைக் கொட்ட மனசில்லாமல் மூன்று பேரும் பங்கு போட்டுக் குடித்தார்கள்.

வியாழக்கிழமை காலை ஒச்சப்பன் தீர்ப்புச் சொன்னார். "முழுசாத் தூங்கினா குடிக்கமாட்டான். முழுசா முழிச்சா குடிக்கக் கூடாது. தூக்கம் வந்தும் வராம நிக்கும் பாரு, அந்தச் சந்துல புடிச்சு ஊத்தணும். அதுக்குத் தூக்கம் மெதுவா வரணும். வயல்ல ஒரு சத்தம் கேக்கக் கூடாது."

தகரத்தைக் கிணற்றில் போட்டார்கள். கவணை அறுத்தார்கள். மருந்தைச் சுடவைக்க வரப்போரம் ஓர் அடுப்பு மூட்டினார்கள்.

ஆனால் முந்தின நாள் வாங்கிய தகர அடியில் மொக்கையன் மிரண்டுபோயிருந்தான். கண்ணை மூடவே பயந்தான். ஊர்ப் பெண்கள் நாலு பேரைக் கூட்டிவந்து பரணுக்குக் கீழே மெல்லத் தாலாட்டுப் பாடச் சொன்னார்கள். மொக்கையன் அழுகிற நிலைக்கு வந்தானே தவிர, தூங்கவில்லை. அப்போதுதான் அவன் வயலைப் பார்த்தான்.

"ஐயா, கிளி வருதுங்க. விரட்டட்டுமா?"

"வாயை மூடுடா" என்று வீரணன் கிசுகிசுத்தார். "உன் தூக்கம் கலைஞ்சிரப் போகுது."

கஞ்சி கொண்டுவந்த பேச்சிக்கு இது பொறுக்கவில்லை. "ஏங்க, காவக்காரன் முழிச்சுத்தான இருக்கான்? அப்புறம் மருந்து என்னத்துக்கு?"

மூன்று பேரும் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார்கள்.

"கப்பல்ல வந்த மருந்தை வீணாக்கச் சொல்றியா?" என்றார் வீரணன். "உன் தம்பி என்ன நினைப்பான்?"

"அவன் நினைக்கிறது இருக்கட்டும். மூணு எருமையை இங்க கட்டியிருந்தா, வாலையாவது ஆட்டியிருக்கும். நாலு கிளி பறந்திருக்கும்" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

வீரணனுக்கு மட்டும் வயிறு எரியாமலா இருந்தது? கண்ணுக்கு எதிரே ஒவ்வொரு கதிராகப் போகப்போக, மகள் கல்யாணம் கொஞ்சங்கொஞ்சமாகப் பறந்துபோவது அவருக்கே தெரிந்தது. ஒரு தடவை "சூ" என்று நாக்கு நுனிவரைக்கும் வந்துவிட்டது. துண்டை வாய்க்குள் திணித்துக்கொண்டார். பெண்ணைப் பெற்றவன் பொறுத்துத்தான் போகவேண்டும்.

ஆறின மருந்து அன்றைக்கும் அவர்கள் மூன்று பேர் வயிற்றுக்குத்தான் போனது. அந்த இலை பொய் சொல்கிற இலை இல்லை. மூன்று பேருக்கும் கண் கொட்டவில்லை. வியாழன் முழுக்க, வெள்ளி முழுக்க, முழித்த முழி மாறாமல், மூச்சுவிடாமல் உட்கார்ந்து, கிளிகள் கடைசிக் கதிர்வரைக்கும் தின்று முடித்ததைப் பார்த்தார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சடையப்பர் நாலு மைல் வெயிலில் நடந்து வந்தார். வயலில் கதிர் இல்லாமல் வெறும் தட்டைதான் நின்றது.

"காவலுக்கு ஆளே போடலையா?" என்று கேட்டார்.

"நாலு பேரு சம்பந்தி" என்றார் வீரணன். "ஒருத்தர் கண்ணு மூடலை."

"பின்ன கிளி தின்னும்போது என்ன செஞ்சீக?"

"பாத்துக்கிட்டே இருந்தோம்."

சடையப்பர் வரப்பில் உட்கார்ந்து தலையில் கையை வைத்தார். இந்தச் சம்பந்தத்தை எந்த வார்த்தை சொல்லி முறிப்பது என்று கண்ணை மூடி யோசித்தார். நடந்து வந்த அலுப்பு வேறு. பெரிதாக ஒரு கொட்டாவி விட்டார்.

ஒச்சப்பன் வீரணன் தொடையில் கிள்ளினார். "டேய், வந்தும் வராம நிக்குது. இதுதான் அந்தச் சந்து."

கருத்தமலை பின்னாலிருந்து தலையைப் பிடித்தான். மொக்கையன் காலைப் பிடித்தான். திறந்திருந்த வாயில் வீரணன் தன் கையாலேயே ஒரு கிளாஸ் குவாயூசாவைச் சுடச்சுட ஊற்றினார். ஒரு சொட்டுக்கூட வெளியே போகவில்லை.

சடையப்பர் எழுந்தார். கண் இரண்டும் முட்டை மாதிரி இருந்தன. நாக்கு வெந்துபோனதால் ஒன்றும் பேசவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, சீலைப்பட்டியைப் பார்த்து விறுவிறு என்று நடந்தார்.

அங்கம்மா ஓடிவந்தாள். "அப்பா, அவுக போறாகளே. கூப்பிடுங்கப்பா."

வீரணன் கிளாஸைக் கையில் பிடித்தபடி, வரப்பு திரும்புகிறவரைக்கும் சடையப்பர் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றார். மூன்று நாளில் முதல் தடவையாக அவர் முகம் தெளிந்தது.

"அழுகாத தாயி" என்றார். "அந்த நடையைப் பாரு. எங்கயாச்சும் ஒரு தூக்கக் கலக்கம் தெரியுதா?"